அணில் கடித்த வயர்

எங்கள் வீட்டு வளவில் அணிலைப் பற்றி நான்கு வருடங்களாக யாரும் நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. மாமா, அதாவது என் கணவரின் தகப்பன், மாமரத்தில் எந்த அணிலைக் கண்டாலும் "அந்தா போறான் கள்ளன்" என்று கதிரையில் இருந்தபடியே ஊன்றுதடியை ஓங்குவார். தன்னுடைய ரீவியில் படம் வராமல் செய்தது அணில் என்று அவர் நம்பினார். அவருக்கு அப்படிச் சொன்னது நான். எந்த அணிலும் எந்த வயரையும் கடிக்கவில்லை.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் பழி அணிலோடேயே போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எங்கள் வளவும் மச்சாளின் வளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி, இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருப்பவர். நான் அவரையும் அவர் என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். எங்களுடையது முருகைக்கல்லால் கட்டிய பழைய வீடு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அவருடையது போர் முடிந்த பிறகு எழும்பிய மேல்மாடி வீடு. வருடத்தில் இரண்டு கிழமை திறந்திருக்கும், மற்ற நாளெல்லாம் பூட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பங்குக் கிணறு, காணி உறுதியில் ஆளுக்குப் பாதி என்று எழுதியது.

குடிபுகுந்த வருடம் மச்சாள் தன் மாடியில் ரீவிக்கு டிஷ் பூட்டினார். "அப்பாவும் பார்க்கட்டும்" என்று அதிலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுப்பித்து, மாமரக் கிளையால் இறக்கி, கிணற்றடியில் மண்ணுக்குள்ளால் கொண்டுவந்து, மாமாவின் அறைச் சுவரைத் துளைத்து உள்ளே விட்டுத் தந்தார். நடுவில் ஒற்றைச் செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதன் மேல் பின்னிய உலோக வலை, வெளியே தடித்த கறுப்புத் தோல். டிஷ்காரர்கள் எல்லோரும் இழுக்கிற அந்த வயர்தான். அதன் புண்ணியத்தில் மாமா இறுப்பிட்டியில் இருந்துகொண்டே எந்த நாட்டில் எந்த மந்திரி பதவி இழந்தான் என்று சொல்லக்கூடியவரானார்.

பிறகு கமரா வந்தது. இப்போது புங்குடுதீவில் ஆளில்லாத வீடுகளுக்கெல்லாம் கமரா இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தேங்காய் விழுவதைப் போனில் பார்த்துவிட்டு, "விழுந்ததை ஆர் எடுத்தது?" என்று அங்கிருந்தே கேட்பார்கள். மச்சாளும் நான்கு கமரா பூட்டுவித்தார். அவற்றுக்காக மாடியில் ஒரு இணைய ரூட்டரும் வைத்தார். கோபுரத்து சிக்னல் அந்த உயரத்தில்தான் ஒழுங்காகப் பிடிக்கும். நான்கில் ஒரு கமரா கிணற்றடியைப் பார்த்தபடி இருந்தது.

நான் குறுக்குக்கட்டோடு குளிக்கிற கிணற்றடி அது. மச்சாளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அது மோட்டருக்காக வைச்சது மச்சாள். போன முறை மோட்டரைக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள் எல்லே" என்றார்.

"நான் அதிலதானே குளிக்கிறனான்?"

"உம்மை ஆர் பார்க்கப்போயினம்?"

பகிடியாகத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்தச் சொல் எனக்கு நெருப்பாகச் சுட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம் என்பதை அடுத்த நாள் காலையில் கண்டேன். குளிக்கப் போன கோலத்தோடேயே குசினிக்குத் திரும்பி வந்து பெரிய கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். மாமரத்தால் இறங்கி மண்ணுக்குள் போகிற கறுப்பு வயர் கண்ணில் பட்டது. கமராவின் வயர் இதுதான் என்று முடிவு செய்தேன். ஒரே வெட்டு. இரண்டு நுனியையும் மண்ணுக்குள் தள்ளி, உடுப்புத் தோய்க்கிற கல்லைப் புரட்டி மேலே வைத்துவிட்டு ஆறுதலாகக் குளித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான்.

குளித்து முடித்து நிமிர்ந்து பார்க்கிறேன், கமராவின் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. உள்ளே இருந்து மாமா கூப்பிடுகிறார்.

"பிள்ளை, ரீவி நிண்டுபோச்சு. வந்து ஒருக்காப் பார்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அணில் வயரைக் கடிச்சிருக்கும் மாமா" என்றேன். வாயில் வந்த முதல் பிராணி அதுதான். திருத்த ஆளைக் கூப்பிட்டால் வெட்டு வெளியே வந்துவிடும் என்று, இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தியே விட்டேன்.

அடுத்த கிழமை ஒருவர் வந்து அந்தக் கமராவை வாசல் படலைப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். மச்சாளின் வீட்டுச் சாவி அதுவரை என்னிடம் இருந்தது, வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அங்கே விளக்கு வைப்பேன். கோபம் ஆறாமல் அந்தச் சாவியைச் சந்திக் கடைக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு நானும் மச்சாளும் செத்தவீடு, கலியாணவீட்டுக்குச் சொல்லுகிற அளவில் மட்டும் கதைத்துக்கொண்டோம்.

என் கணவர் போய் அப்போது மூன்று வருடம். "கொழும்புக்குப் போட்டு வாறன் அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டால் வெளிக்கிட்டார். வெளியே தெரியக்கூடாது என்று காசு வாங்கி அனுப்பிவைத்தவன் சொல்லியிருந்தான். கொழும்பால் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே அகதி வழக்கு முடியாமல் கிடந்ததால் அவர் திரும்பி வர வழியில்லாமல் போனது. எனக்கு விசா இரண்டு முறை இல்லையென்று விட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. பழைய வீட்டில் மாமாவும் நானும்.

எங்கள் வீட்டில் போன் சிக்னல் முற்றத்தில் ஒரு கோடு, படலையடியில் இரண்டு கோடு. அறைக்குள் ஒன்றுமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவை ஓட்டோவில் ஏற்றிப் பாலத்தடிக்குக் கொண்டுபோவேன். இரண்டு பக்கமும் கடல், நல்ல வெளி, படம் துலக்கமாக வரும். தகப்பனும் மகனும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். காற்று இரைவதால் இரண்டு பேரும் கத்துவார்கள். முடிக்கிறபோது மாமா தவறாமல் கேட்பார், "கொழும்பால எப்படா வாறாய்?" அந்தப் பக்கத்தில் இவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

வயரை வெட்டி நாலாம் வருடம் பங்குனியில் மாமா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. இந்த வயதில் வெட்ட ஏலாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி, ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துடைக்கப் பக்கம் புரட்டினாலே அவர் கத்துகிற கத்தல் படலை வரை கேட்கும். கட்டிலோடு தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவரலாமா என்று பார்த்தோம், கட்டில் வாசலால் வராது. பாலத்தடிப் பயணம் நின்றது. இவர் தான் பேசுவதைப் படம் பிடித்து அனுப்பினார். அதைப் படலையடியில் இறக்கி அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மாமா பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"செத்தவன் கதைக்கிறமாதிரிக் கிடக்கு. நான் கேட்டா மறுமொழி சொல்லுறான் இல்லை."

ஆடி மாதம் மச்சாள் அழைத்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அவருடைய குரலில் கோபம் இல்லாததைக் கேட்டவுடனேயே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. என் கணவருக்கு இருதயத்தில் கோளாறு, ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை ஒபரேசன். பயப்படுகிற மாதிரியான ஒபரேசன் என்று அவர்களே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"காலமை பத்து மணிக்கு என்னை உள்ள விடுவினம். பத்தரைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போயிடுவினம். உங்கட நேரம் ரெண்டரையில இருந்து மூண்டு மணி. அதுக்குள்ள அப்பாவைப் பார்க்கவேணும் எண்டு நிக்கிறான்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இவரே எடுத்தார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்று கதைத்தேன். சோளகக் காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"அப்பான்ர முகத்தை ஒருக்காக் காட்டுமன்" என்றார். "நானும் அவரோட ரெண்டு சொல்லுக் கதைக்கவேணும்."

"எப்பிடியும் காட்டுவன்" என்றேன்.

எப்படி என்று எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த கடைக்கெல்லாம் போன் எடுத்தேன். ஒருவர் காரைநகரில் இருக்கும் ஒரு அண்ணையின் இலக்கம் தந்தார். முன்னர் டிஷ் பூட்டுகிற வேலை செய்தவர், இப்போது விடுதிகளுக்கு இணையம் இழுக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இது.

"மாடி வீட்டில இருந்து உங்கட வீட்டுக்குப் பழைய டிஷ் வயர் ஏதும் வருதோ அக்கா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப பயப்பிடாதேங்கோ. என்னட்ட ஒரு சோடிப் பெட்டி கிடக்கு. ஒண்டை அங்க ரூட்டரோட கொழுவி, மற்றதை உங்கட அறையில வைச்சா, அந்த வயருக்குள்ளாலேயே இன்ரநெற் வரும். ரீவி வந்த பாதையில இது வரும், அவ்வளவுதான். வியாழன் காலமை வாறன், அதுக்கு முதல் ஏலாது."

மச்சாளிடம் வீட்டைத் திறக்க அனுமதி கேட்டேன். "உம்மட வீடு மாதிரித்தானே. கடையில சாவியைத் தரச் சொல்லுறன்" என்றார். நாலு வருடத்துக்கு முன் நான் திருப்பி அனுப்பிய அதே சாவியை அந்தக் கடைக்காரரிடம் கை நீட்டி வாங்கினேன்.

புதன்கிழமை பின்னேரம் மாமா கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போனேன். தோய்க்கிற கல்லைப் புரட்டி, அலவாங்கால் கிண்டி, இரண்டு நுனியையும் எடுத்தேன். நானே பொருத்திவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்பது என் கணக்கு. மின்குமிழ் வயர் அறுந்தால் நாங்கள் வீட்டில் என்ன செய்வோம்? தோலை உரித்து, உள்ளே இருக்கிறதையெல்லாம் சேர்த்து முறுக்கி, மேலே ஒட்டு ரேப் சுற்றுவோம். அதைத்தான் செய்தேன். செப்புக் கம்பி, வலை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து இறுக்கி முறுக்கி, ஒரு சுருள் ரேப்பையும் சுற்றி முடித்து, மண்ணை மூடி, கல்லைத் திரும்பவும் மேலே வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு வந்து மாமாவுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அந்த அண்ணை வந்தார். காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்கு வருகிற மிதவையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கி, வேலணையால் சுற்றி வந்திருந்தார். சத்தமில்லாமல் வேலை செய்கிற மனிதர். முதலில் மாடி ரூட்டரில் இருந்து வைஃபை எவ்வளவு தூரம் வருகிறது என்று போனைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தார்.

"மாமரத்தோட நிண்டிடுது அக்கா. அதுக்கங்கால இந்தக் கல்லுச் சுவர். இதைத் தாண்டி ஒண்டும் வராது. வயர்தான் வழி."

பெட்டிகள் சின்னவை, சோற்றுப் பார்சல் அளவு. மாடியில் டிஷ்ஷோடு இருந்த வயரைக் கழற்றி ஒன்றில் பூட்டினார். மற்றதை மாமாவின் கட்டில் தலைமாட்டில் வைத்து, சுவரால் வந்த வயரை அதில் பூட்டி, பக்கத்தில் சின்ன வைஃபைக் கருவி ஒன்றையும் வைத்தார். பெட்டியில் மூன்று விளக்கு. மூன்றாவது பச்சையாக எரிந்தால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கண்டுகொண்டது என்று அர்த்தம் என்றார். இரண்டு விளக்கு எரிந்தது. மூன்றாவது எரியவில்லை.

மாமா அன்று விடியவே எழும்பி என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். வெள்ளைச் சேர்ட் போட்டுவிட்டு, தலை வாரி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்த்தியிருந்தேன். அந்த நிமிர்வுக்கு அவர் பட்ட நோவு எனக்குத் தெரியும். போனை அவருக்கு முன்னால் ஒரு முக்காலியில் சாத்தி வைத்திருந்தோம். அவர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

அண்ணை வயர் சோதிக்கிற மீற்றரை எடுத்து வயரின் நுனியில் வைத்தார். அது கீச் என்று கத்தியது. மாடிக்குப் போய் அந்த நுனியைக் கழற்றி விட்டு வந்து திரும்ப வைத்தார். அப்போதும் கத்தியது. முகத்தைச் சுழித்தார்.

"கத்தக்கூடாத நேரத்திலயும் கத்துது. உள்ளுக்க எங்கையோ நடுக்கம்பி வலையில முட்டிக்கொண்டு கிடக்கு. ரெண்டும் முட்டினா ஒண்டும் போகாது. இடையில ஆரும் மூட்டுப் போட்டதோ அக்கா?"

நான் வாயைத் திறக்க முன் மாமா கட்டிலில் இருந்து கத்தினார். "அணில் தம்பி! நாலு வருஷத்துக்கு முதல் கடிச்சது! மாமரத்தில வடிவாப் பார்!"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். நேரம் பத்தரை. அப்போது சொல்லியிருந்தால் பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்திருக்கும். நேற்று நான் முறுக்கியதுதான் பிழை என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆனால் சொன்னால் மாமா கேட்பார். நாலு வருடமாக அவரை இருளில் வைத்தது நான் என்று இன்றைக்கா, மகனைப் பார்க்கப் போகிற நாளிலா அவருக்குத் தெரியவேண்டும்? சொன்னால் மச்சாளுக்குப் போகும். இவரின் காதுக்கும் போகும். அண்ணை தானாகக் கிணற்றடிக்கு வருவார், தானாகக் கண்டுபிடிப்பார், அணில் என்றே போய்விடும் என்று நினைத்தேன். கேவலமான நினைப்புத்தான். அதோடுதான் நின்றேன்.

அவர் மாமரத்தில் ஏறினார். கிளை கிளையாக வயரைத் தடவிப் பார்த்தார். முசுறு எறும்பு கடித்து இறங்கினார், உடம்பைத் தட்டிவிட்டுத் திரும்ப ஏறினார். பன்னிரண்டரை ஆனது. சாப்பிடச் சொன்னேன், வேலை முடியட்டும் என்றார். நான் ஐந்து தரம் கிணற்றடிக்குப் போய் ஐந்து தரமும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பார்க்காத நேரம் பார்த்து அவிழ்த்துவிடலாமா என்றும் யோசித்தேன். அவிழ்த்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு படலையடிக்கு ஓடினேன். மச்சாள் எடுத்தார். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"சரிவந்ததோ மச்சாள்?"

"இன்னும் இல்லை. வயரில பிழையாம்."

"என்ன பிழையாம்?"

"அணில் கடிச்சுக் கிடக்காம்" என்றேன்.

பஸ் எங்கேயோ நின்று திரும்பவும் வெளிக்கிடுகிற சத்தம் கேட்டது. பிறகு மச்சாள் மெதுவாக, "அணிலோ?" என்றார்.

"ஓம்."

"வேற ஒண்டும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு?"

"சரி மச்சாள். கெதியாப் பார்க்கச் சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

நான் போனைக் கொண்டுபோய்த் திரும்பவும் முக்காலியில் மாமாவுக்கு முன்னால் சாத்தினேன்.

இரண்டு மணி தாண்டி அண்ணை மரத்தால் இறங்கி வந்து, மீற்றரைப் பைக்குள் வைத்தார். உடம்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"மரத்தில ஒரு காயமும் இல்லை அக்கா. மிச்சம் மண்ணுக்க. அவ்வளவையும் தோண்டிப் பார்க்கப் பின்னேரம் ஆகிடும். புது வயரோட நாளைக்கு வாறன், வேற வழி தெரியேல்லை."

வாசலில் நின்று அவர் இதைச் சொல்ல, உள்ளே மாமா என்னைக் கூப்பிட்டார். மூன்று தலையணையில் ஒன்று வழுக்கி அவர் ஒரு பக்கம் சரிந்திருந்தார். நோவில் முகம் வியர்த்திருந்தது. ஆனாலும் ஒரு கையால் தலைமயிரைச் சரி செய்துகொண்டு, திரையில் இருந்து கண் எடுக்காமல் கேட்டார்.

"மூண்டு மணிக்கு முதல் வந்திடுவான் என்ன பிள்ளை?"

எனக்கு அதற்குமேல் ஏலாமல் போய்விட்டது. அறை வாசலில் நின்றபடியே கத்திவிட்டேன்.

"அணில் இல்லை மாமா! நான்தான் வெட்டினனான்! கமரா வயர் எண்டு நினைச்சு வெட்டினனான். அண்ணை, கிணத்தடியில, தோய்க்கிற கல்லுக்குக் கீழ. நேத்து நானே முறுக்கிவிட்டது. அதுதான் பிழை. வேற ஒரு இடமும் இல்லை."

அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையில் இருந்து அவர் ஏறி இறங்கிய மரம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"கெதியாத் தோண்டச் சொல்லு பிள்ளை" என்றார்.

கல்லைப் புரட்டினோம். நான் சுற்றிய ரேப்பை அறுத்து எறிந்தார். நாலு வருடம் உவர் மண்ணில் கிடந்த செம்பு பச்சை பிடித்து, வலை கறுத்து மாவாக உதிர்ந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் போனது. இப்போது நுனிக்கு நுனி எட்டவில்லை. பையில் வயர்த் துண்டு இல்லை. மாடிக் கூரையில் டிஷ்ஷில் இருந்து மச்சாளின் ரீவிக்கு இறங்குகிற வயரில் ஒரு துண்டை வெட்டி வர ஓடினார். நான் கிணற்றடியில் இரண்டு நுனியையும் மண் படாமல் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மச்சாள் வீட்டுக் கூரையைப் பார்த்தபடி நின்றேன். என் கைக்கடிகாரம் கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு நாற்பது. அவர் துண்டோடு வந்து, தோல் சீவி, வலையைப் பின்னால் மடித்து, நடுக்கம்பியை வலை தொடாமல் தனியே விட்டு, பித்தளை மூடி திருகினார். ஒரு துண்டுக்கு இரண்டு மூட்டு, நாலு மூடி. ஒரு மூடி கை வழுக்கிக் கிணற்றுக்குள் விழுந்தது. வேறொன்றைத் தேடினார். நான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன், போகிற வழியில் இருக்கிற மாதா கோயிலையும் கூப்பிட்டேன்.

கடைசி மூட்டு இறுகியதும் அறைக்கு ஓடினேன். மூன்றாவது விளக்கு மினுங்கியது, நின்றது, பிறகு பச்சையாக எரிந்தது. மாமாவுக்கு முன்னால் இருந்த போன் உயிர் பெற்று, அந்த அறைக்குள் வராமல் காத்திருந்த மச்சாளின் அழைப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. எட்டு அழைப்பு. திரையில் மணி மூன்று ஐந்து.

நான் எடுத்தேன். படம் அவ்வளவு துலக்கம். பாலத்தடியில் கூட அப்படி ஒரு படம் வந்ததில்லை. மச்சாளின் முகம், அவருக்குப் பின்னால் நீளமான நடை, அதன் முடிவில் மூடிய இரட்டைக் கதவு.

"இப்பதான்" என்றார். "இப்பதான் கொண்டுபோனவை."

மாமா முன்னால் எட்டி, திரையை விரலால் தொட்டார். "எங்க அவன்?" என்று கேட்டார்.

இவர் அந்த ஒபரேசனில் இருந்து கண் திறக்கவில்லை. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பதினொரு நாளும் இரண்டரை மணிக்கு அந்த வயர் இவரை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தது. வாயில் குழாய், மூடிய கண், நெஞ்சு ஏறி இறங்குவது வரை தெரியும். படம் ஒரு தரம்கூட அறுந்ததில்லை. மாமா வழக்கம்போல ஊர்ப் புதினம் சொல்லுவார். காற்று இல்லாத அறையிலும் பாலத்தடிப் பழக்கத்தில் கத்தித்தான் சொல்லுவார். முடிக்கிறபோது, "கொழும்பால எப்படா வாறாய்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, ஒரு ஆள் மறுமொழி சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருப்பார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், நான் நிறுத்துவேன். அதன் பிறகு செத்தவீட்டையும் அந்த வயர்தான் கொண்டுவந்தது.

மாமா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், கொஞ்சம் லேசாகவும் இருந்திருக்கும். ஒருநாள் யன்னல் விளிம்பில் ஒரு அணில் வந்து குந்தியிருந்தது. அவர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் மச்சாள் அழைத்தார். மாமா நித்திரை. நான் கட்டிலடியில் நிலத்தில் இருந்து எடுத்தேன். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சாள்" என்றார். "கமராவில பார்த்தனான். நீர் கத்தியோட வந்தது, வெட்டினது, கல்லு வைச்சது, எல்லாம். உடன தம்பிக்கு எடுத்துக் கத்தினனான். அவன்தான் சொன்னவன், 'கமராவைத் திருப்புங்கோ அக்கா, பிழை எங்களில. அவளிட்ட இதைப்பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ' எண்டு. சத்தியம் வாங்கினவன். அதாலதான் அண்டைக்குப் பஸ்ஸுக்குள்ள நீர் அணில் எண்டு சொல்லேக்கயும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். நான் சொல்லியிருக்கவேணும். சத்தியமும் மண்ணும்."

அவர் அழுதார். நானும் அழுதேன். மாமா எழும்பிவிடுவார் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அவன் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தவன்" என்றார் மச்சாள். "கூட்டிக்கொண்டு போக அஞ்சு நிமிஷம் இருக்கேக்க, ஏன் அக்கா பிந்துது எண்டு கேட்டான். அணில் கடிச்சதாம் எண்டு சொன்னனான். அவன் சிரிச்சான் மச்சாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் தொடங்கிச் சிரிக்காதவன், கட்டில் குலுங்கச் சிரிச்சான். 'அவள் இன்னும் அந்த அணிலை விடேல்லையோ? விடுங்கோ அக்கா, தானாச் சொல்லுவாள்' எண்டான். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகேக்கயும் சிரிச்சுக்கொண்டுதான் போனவன்."

அவர் அப்படிச் சிரித்தபோது நான் தானாகச் சொல்லி முக்கால்மணி நேரமாகியிருந்தது. அந்த நேரம் நான் கிணற்றடியில் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வெள்ளைச் சேர்ட்டோடு, தலை வாரி, கறுப்புத் திரைக்கு முன்னால் சரிந்து காத்திருந்தார். மகனின் சிரிப்பைக் கேட்கத்தான் அவர் விடிய எழும்பிச் சவரம் செய்தவர். அதைப் பத்தரை மணிக்கே, வாய் திறக்காமல் நின்று, நான் வெட்டிவிட்டேன்.